நால்கு பள்ள ராகி

முடிந்துபோன வழக்குக் கட்டுகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை என் குமாஸ்தா எடைக்குப் போட்டுவிடுவார். ஒரு கட்டில் மட்டும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். கரையான் அரித்த அட்டைக்குள் ஒரு கன்னட வாக்குமூலத்தின் நகல், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஒரு ஜாமீன் மனு, ஒரு விடுதலை உத்தரவு. அந்தக் கட்டுக்குரியவர் பெயரும் ஊரும் இங்கே வராது. அவரைப் பிடித்தவர்கள் யார், எந்த முகாமில் வைத்திருந்தார்கள் என்பதும் வராது. தொழில் தர்மம் ஒரு காரணம். இத்தனை ஆண்டுக்குப் பிறகு யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல என்பது இன்னொன்று.

நான் மேட்டூரில் தொழில் தொடங்கிய காலத்தில் கொளத்தூர், கோவிந்தபாடி வழியாகப் பாலாறு போகும் சாலையில் சாயங்காலத்துக்கு மேல் யாரும் போகமாட்டார்கள். 1991 நவம்பரில் வனத்துறை அதிகாரி சீனிவாஸ் கொல்லப்பட்டார். சரணடைய வருகிறேன் என்று சொல்லியனுப்பிய சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனை நம்பி, ஆயுதமில்லாமல் போன மனிதர் அவர். 1992 ஆகஸ்ட் 14 அன்று கர்நாடகக் காவல்துறையின் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1993 ஏப்ரல் 9, பெரிய வெள்ளிக்கிழமை. பாலாற்றுக்கு அருகே கண்ணிவெடி வெடித்து 22 பேர் செத்தார்கள். போலீசாரும் வனத்துறையினரும் மட்டுமல்ல, தகவல் சொல்லக் கூடப் போன ஊர்க்காரர்களும் அதில் உண்டு. அன்று மேட்டூரில் கடைகள் எப்போது சாத்தப்பட்டன என்று யாரும் சொல்லித் தெரியவில்லை. எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோம்.

அரசு சும்மா இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. தமிழ்நாடும் கர்நாடகமும் அதிரடிப்படையைக் காட்டுக்குள் இறக்கின. எல்லைப் பாதுகாப்புப் படையும் வந்தது. அவற்றோடு சேர்ந்து தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டமும் மலையேறியது. பஞ்சாபை மனதில் வைத்து 1985இல் எழுதப்பட்ட சட்டம் அது. சந்தன மரமும் யானைத் தந்தமும் கடத்திய ஒருவனைச் சுற்றியிருந்த கிராமங்களுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்க அன்று ஆளில்லை. வெடிகுண்டு வைத்தவனுக்கும், வெடிகுண்டு வைத்தவனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தவனுக்கும் அதில் இடம் இருந்தது. பயங்கரவாதிக்குப் புகலிடம் கொடுத்தால் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

என் கட்சிக்காரர் ஆடு மேய்ப்பவர். பாலாற்றுக்கு இந்தப் பக்கம் வீடு. அந்தப் பக்கம் பட்டி போட்டு, பக்கத்திலேயே கொஞ்சம் மானாவாரி ராகி. 1993 மே மாதம் பட்டியில் வைத்துப் பிடித்தார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் அவர் உயிரோடு இருப்பதே வீட்டுக்குத் தெரிந்தது. அவர் மனைவி இரண்டு ஆட்டை விற்ற பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு என் சீனியரிடம் வந்தார். "எங்கியோ மைசூருங்கறாங்க சாமி. எனக்குக் கோயமுத்தூரே தெரியாது" என்றார். சீனியர் பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். எல்லையில் வளர்ந்ததால் எனக்குக் கன்னடம் காதால் தெரியும். எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வரும். அப்படித்தான் அந்த வழக்கு என் தலையில் ஏறியது.

மைசூரில் ஒரு மூத்த கன்னட வழக்கறிஞர் வழக்கை நடத்த ஒப்புக்கொண்டார். அவருக்குத் தமிழ் வராது. கட்சிக்காரருக்குக் கன்னடம் வராது. நடுவில் நான். வாய்தாவுக்கு முதல் நாள் இரவே கிளம்பி, மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால் வழியாகப் போவேன். செக்போஸ்டில் பையைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் ஒரு முறைப்பு விழும். அந்த மலைப்பாதையில் சக போலீஸ்காரனின் உடலைத் தூக்கி வந்தவர்கள் அவர்கள். அந்த முறைப்பை நான் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

அவர்மேல் இருந்த சாட்சியம் ஒன்றே ஒன்று: அவருடைய ஒப்புதல் வாக்குமூலம். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்பது அன்று நடப்பிலிருந்த 1872இன் சாட்சியச் சட்டம், 25ஆவது பிரிவு. வெள்ளைக்காரன்கூடத் தன் போலீசை அந்த அளவுக்கு நம்பவில்லை. தடாவின் 15ஆவது பிரிவு அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரி எழுதிக்கொண்டால் அந்த ஒப்புதல் செல்லும். 1994இல் கர்த்தார் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து இந்தப் பிரிவைப் பரிசீலித்தார்கள். மூவர் செல்லும் என்றார்கள், இருவர் செல்லாது என்றார்கள். செல்லும் என்றானது.

பாதுகாப்புக்கு விதிகள் இருந்தன. சொல்பவர் எந்த மொழியில் சொல்கிறாரோ அதே மொழியில் எழுத வேண்டும். முடியாத நிலையில் மட்டும் அதிகாரியின் அலுவல் மொழியிலோ நீதிமன்ற மொழியிலோ எழுதலாம். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்று முன்னதாகச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டில் இவை அத்தனையும் நடந்ததாகச் சான்று இருந்தது. கன்னடத்தில் எழுதி, படித்துக் காட்டி, சரி என்று அவர் சொல்லி, இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருந்தார்.

எங்களுக்குக் கிடைத்த ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு வரி: இரவு வந்த கும்பலுக்கு நான் நான்கு அளவு ராகி வழங்கினேன். வழக்கே அந்த வரிதான்.

1995 மே 23 அன்று தடாச் சட்டம் காலாவதியானது. நாடு முழுக்க 76,000க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துவைத்த சட்டம், தண்டனை பெற்றவர்களோ மிகச் சொற்பம் என்று நாடாளுமன்றத்திலேயே பேச்சு எழுந்தபின், நீட்டிக்கப்படாமல் போனது. செய்தித்தாளை எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனேன். "சட்டமே போயிடுச்சுங்க" என்றேன். "அப்ப நான் போலாங்களா வக்கீலய்யா?" என்றார். சட்டம் போனாலும் அதன்கீழ் ஏற்கெனவே தொடங்கிய வழக்கு போகாது என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதை அவருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் அவரே சொன்னார்: "பெருமாடு செத்தாலும் உண்ணி உடனே செத்துராதுங்க."

1996 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. தடாக் கைதிகளை நான்கு வகையாகப் பிரித்து, நேரடியாகக் குற்றத்தில் இறங்காதவர்களுக்கு, சிறையிலிருந்த காலத்தைப் பொறுத்து ஜாமீன் தரலாம் என்றது. மனுப் போட்டோம். வாக்குமூலத்தைக் காட்டி, இவர் கும்பலுக்கு வேண்டுமென்றே உணவு கொடுத்தவர் என்று அரசுத் தரப்பு வாதாடியது. நான் தயாரித்த குறிப்பில், பயத்தில் கொடுத்தார் என்றுதான் எழுதியிருந்தேன். 'கொடுத்தார்' என்பதை நானே ஒப்புக்கொண்டிருந்தேன். மனு தள்ளுபடி.

இந்த வழக்கில் என் தவறு எது என்று கேட்டால், அந்தக் குறிப்பைக் காட்டுவேன். மூலம் கன்னடத்தில் இருந்தது. எனக்குக் கன்னடம் படிக்க வரும். ஆனால் தட்டச்சில் தெளிவாக இருந்த ஆங்கிலத்தை வைத்தே வேலையை முடித்தேன்.

அதற்குப் பிறகு நெடுநாள் கழித்து, பக்க எண்களைச் சரிபார்க்க மூல நகலைச் சிறைக்கு எடுத்துப்போனேன். மனுச் சந்திப்பில் நேரம் மிச்சமிருந்தது. சும்மா இருப்பானேன் என்று அந்தக் கன்னட வரியை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தேன்: "நால்கு பள்ள ராகி கொட்டெ."

அவர் முகம் மலர்ந்தது. "ஆமாங்க! இதத்தாங்க நான் சொன்னேன். நாலு வள்ளம் ராகி. அப்படியே சாக்குல கொட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க. விதைக்குன்னு வெச்சிருந்தது."

எல்லைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நம் நாலு அவர்களுக்கு நால்கு. நம் வள்ளம் அவர்களுக்குப் பள்ள. ராகி இரண்டு பக்கமும் ராகி. ஆனால் 'கொட்டெ' என்றால் கன்னடத்தில் 'கொடுத்தேன்'. நம் காதில் அது கொட்டுதல். அவர் 'கொட்டிக்கிட்டுப் போனாங்க' என்று தமிழில் சொல்லியிருக்கிறார். எழுதியவர் 'கொட்டெ' என்று எழுதியிருக்கிறார். விதிப்படி படித்தும் காட்டியிருக்கிறார்கள். தான் சொன்ன சொல்லே திரும்பி வருவதைக் கேட்டு, சரி என்று தலையாட்டி, இவரும் ரேகை வைத்திருக்கிறார். அந்த அறையில் யாராவது வேண்டுமென்றே மாற்றினார்களா, காது ஏமாற்றியதா என்று எனக்கு இன்றும் தெரியாது. சட்டம் கேட்ட சடங்கு ஒன்றுகூடக் குறையாமல், பறிகொடுத்தவர் வழங்கியவர் ஆகிவிட்டார்.

"இத ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கோபப்பட்டேன். "எத்தன தடவ சொல்லிட்டேன். நீங்க இங்கிலீசுல எழுதிக்கிட்டே இருந்தீங்க" என்றார்.

குறுக்கு விசாரணைக்கு இதை மூடி வைத்திருக்கலாம் என்றார் மைசூர் வழக்கறிஞர். அதற்குள் காடு வேறொரு செய்தியைத் தந்தது. 2000 ஜூலை 30 இரவு, தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூர்ப் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். அவன் அனுப்பிய கோரிக்கைகளில் ஒன்று, மைசூரில் இருக்கும் தடாக் கைதிகளை விடுவிக்க வேண்டும் என்பது. கர்நாடகம் கொதித்தது. அரசு இறங்கி வந்தது. தடாக் குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற அரசு வழக்கறிஞர் மனுச் செய்தார். மைசூர் நீதிமன்றம் அனுமதித்தது.

நான் சிறைக்குப் போனபோது அவர் துணி மூட்டையைக் கட்டி வைத்திருந்தார். அதற்குள் ஒரு மகள் பெரியவளாகியிருந்தாள், அவர் பார்த்ததில்லை. "அந்த ஆளு கேட்டுத்தான் விடறாங்களாமே. எனக்கு வெளிய போகக் கூசுதுங்க. அவன் ஆளுதான்னு ஊரே நெனச்சுக்குமே" என்றார். ஏழாண்டு சிறையிலிருந்தவர் விடுதலை வாசலில் நின்று அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கூச வேண்டிய அவசியம் வரவில்லை. கொல்லப்பட்ட ஷகீல் அகமதுவின் தந்தை அப்துல் கரீம் உச்ச நீதிமன்றம் போனார். முதலில் தடை வந்தது. 2000 நவம்பர் 7 அன்று தீர்ப்பும் வந்தது: அரசு வழக்கறிஞர் தாமாகப் பரிசீலித்து எடுத்த முடிவல்ல இது, வழக்குகளைத் திரும்பப் பெற்றது செல்லாது. ராஜ்குமார் 108 நாள் கழித்து, நவம்பர் 15 அன்று காட்டிலிருந்து வெளியே வந்தார். என் கட்சிக்காரர் மூட்டையைப் பிரித்துத் துணியைக் கொடியில் போட்டார்.

அந்தத் தீர்ப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். துப்பாக்கி காட்டிக் கேட்பவனுக்காக ஓர் அரசு வழக்கை வாபஸ் வாங்கினால் மகனைப் பறிகொடுத்த தகப்பனுக்கு என்ன பதில்? அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தீர்ப்பு சரி. அதே தீர்ப்பால் ஒரு நிரபராதி இன்னும் பத்து மாதம் உள்ளே இருந்தார். இரண்டும் உண்மை. பாதுகாப்பு வழக்குகளில் தொழில் செய்கிறவன் இந்த இரண்டையும் ஒரே கட்டில் வைத்துக் கட்டப் பழக வேண்டும்.

பிறகு எங்களுக்கு மிஞ்சியது குறுக்கு விசாரணைதான். வாக்குமூலம் எழுதிய அதிகாரி கூண்டேறினார். கண்ணியமாகவே பதில் சொன்னார். எங்கள் மூத்தவர் குரலை உயர்த்தவில்லை.

"எதிரி உங்களிடம் எந்த மொழியில் பேசினார்?"

"தமிழில்."

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"கொஞ்சம் புரியும். ஒரு காவலர் மொழிபெயர்த்தார்."

"அவர் பெயர் ஆவணத்தில் இருக்கிறதா?"

"இல்லை."

"கையெழுத்து?"

"இல்லை."

"சாட்சிப் பட்டியலில்?"

"இல்லை."

"தமிழில் எழுத முடியாத நிலை என்ன என்று எங்காவது குறித்திருக்கிறீர்களா?"

மௌனம். பிறகு, "இல்லை."

"கொட்டு என்றால் தமிழில் என்ன பொருள்?"

அதிகாரி யோசித்தார். "கொடு என்பதுதான்" என்றார்.

நீதிபதி பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அந்த மன்றத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாலைந்து பேராவது இருந்திருப்போம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்னர், நீதிமன்றம் எதிரியையே கேள்வி கேட்கும் கட்டத்தில், "ராகி கொடுத்தீரா?" என்று கேட்கப்பட்டது. "கொட்டுனாங்க சாமி. நான் கொடுக்கலை" என்றார். அது அப்படியே, தமிழ் ஒலியோடு, பதிவாக வேண்டும் என்று எங்கள் மூத்தவர் கேட்டுப் பெற்றார்.

வெளியே தேநீர்க் கடையில் அரசுத் தரப்பு இளம் வழக்கறிஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "நிஜமாகவே கொடுத்திருந்தால்?" நியாயமான கேள்வி. ராத்திரி துப்பாக்கியோடு ஏழெட்டுப் பேர் பட்டிக்குள் வந்தால் கொடுப்பதற்கும் பறிகொடுப்பதற்கும் எவ்வளவு தூரம் இருக்கும் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.

2001 செப்டம்பரில் தீர்ப்பு. 14 பேருக்குத் தண்டனை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விடுதலை. என் கட்சிக்காரர் விடுதலையானவர்களில் ஒருவர். 8 ஆண்டு 4 மாதம் ஆகியிருந்தது. குற்றம் நிரூபணமாகியிருந்தால் கிடைத்திருக்கும் குறைந்தபட்சத் தண்டனையைவிட மூன்று ஆண்டுக்கு மேல் அதிகம்.

தண்டனை பெற்றவர்களில் பாலாறு வழக்கின் நால்வருக்கு ஆயுளை மரண தண்டனையாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2004 ஜனவரியில் தீர்ப்பளித்தது. கருணை மனு தேங்கிக் கிடந்த தாமதத்தைக் காரணம் காட்டி, தலைமை நீதிபதி பி.சதாசிவம் தலைமையிலான அமர்வு 2014 ஜனவரியில் அதை மீண்டும் ஆயுளாகக் குறைத்தது. வீரப்பன் 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டான். அவனைத் தேடிய காலத்தில் கிராமங்களில் நடந்ததை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. அதன் அறிக்கைக்குப் பிறகு, 2007இல் 89 பேருக்கு மொத்தம் ரூ.2.80 கோடி இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது ஆணையம். என் கட்சிக்காரர் அதற்கு மனுப் போடவில்லை. "மறுபடியும் ஒரு வாக்குமூலமா? வேண்டாங்க" என்றார்.

தடாவுக்குப் பின் 2002இல் பொடா வந்தது, 2004இல் போனது. அதன் பல பகுதிகள் 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறின. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, 2008 டிசம்பரில் அதன் ஜாமீன் கதவு இன்னும் இறுகியது. தேசியப் புலனாய்வு முகமையும் அப்போதுதான் பிறந்தது. ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும்: போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும் என்ற பிரிவு இன்றைய சட்டத்தில் இல்லை. 2021இல் நஜீப் வழக்கில், விசாரணை முடியும் வழி தெரியாமல் ஒருவர் நெடுங்காலம் சிறையிலிருந்தால், எவ்வளவு கடுமையான ஜாமீன் தடையும் அரசமைப்புக்கு முன் தளர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியொரு தீர்ப்பு 1996இல் என் கையில் இருந்திருக்கலாம் என்று நினைப்பதுண்டு. உடனே, அன்று என் கையில் இருந்த கன்னட நகலை நான் என்ன செய்தேன் என்ற நினைப்பும் வந்துவிடும்.

கண்ணிவெடி வைப்பவனைப் பிடிக்கக் கடுமையான சட்டம் வேண்டுமா என்று ஜூனியர்கள் என்னிடம் கேட்பார்கள். வேண்டும் என்றுதான் சொல்வேன். பெரிய வெள்ளியன்று பாலாற்றில் செத்த 22 பேருக்கும் குடும்பம் இருந்தது. ஆனால் சட்டம் எவ்வளவு கடுமையாகிறதோ, அதில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லையும் அவ்வளவு சோதிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் போலீஸ் அல்ல, நீதிபதியும் அல்ல, முதலில் நாம்.

ஆகவே இந்தப் பக்கத்தைப் படிக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டைப் பிரித்ததும் மொழிபெயர்ப்பை ஓரமாக வையுங்கள். மூலத்தை எடுத்துக்கொண்டு சிறைக்குப் போங்கள். வரி வரியாக வாய்விட்டுப் படியுங்கள். படித்து முடித்தபின், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கட்சிக்காரரிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போது எழுதாதீர்கள்.